கொடுமுடி திருவிழாவுக்கு மைக்செட் கட்டப்போறீங்களா? டான்டேயா, ஏவிபியா... எந்த ஆடியோ நெட்வொர்க் உங்களுக்கு செட் ஆகும்?

கொடுமுடி என்றதும் பாட்டு கேட்கிறவர்களுக்கு நினைவுக்கு வருவது கே.பி.சுந்தராம்பாள். 1908-ல் இந்த ஊரில் பிறந்தவர். மைக் எட்டிப்பார்க்காத நாடக மேடைக் காலத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாடியவர் என்று பேர் வாங்கியவர். 'கொடுமுடி கோகிலம்' என்று சும்மா கூப்பிடவில்லை. அதே ஊரில் இன்றைக்கு ஒரு காதுகுத்து விசேஷம்கூட மைக்செட் இல்லாமல் நடக்காது. ஆடிப்பெருக்குக்கு காவிரிக்கரையில் கூடும் கூட்டம், பங்குனி உத்திரத்துக்குத் தீர்த்தக்காவடி எடுத்துப் பழனிக்குக் கிளம்பும் பக்தர்கள், மகுடேஸ்வரர் கோயில் விழாக்கள், சுத்துப்பட்டு கிராமங்களில் வள்ளி கும்மி என்று வருஷம் முழுக்க ஸ்பீக்கர்களுக்கு வேலை இருக்கிறது.

அந்த வேலையில் இறங்கியிருக்கிற, இல்லை இறங்கலாமா என்று யோசிக்கிற இளவட்டமா நீங்கள்? அப்பா காலத்து ரேடியோ செட்டை டிஜிட்டலுக்கு மாற்ற பேங்க் லோன் வரைக்கும் போய்விட்டீர்களா? அப்படியென்றால் மிக்ஸர் எது, ஸ்பீக்கர் எது என்று பத்து பேரிடம் விசாரித்திருப்பீர்கள். ஆனால், மேடைக்கும் மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் சத்தம் எந்த 'பாஷை'யில் போகப்போகிறது என்று யாரிடமாவது கேட்டீர்களா? அதைத்தான் ஆடியோ புரோட்டோகால் என்கிறார்கள். இதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால், அடுத்த வருஷம் வாங்கும் பெட்டி இந்த வருஷம் வாங்கிய பெட்டியோடு பேசாது. போட்ட காசு அப்படியே முடங்கும்.

மல்டிகோர் போய் லேன் கேபிள் வந்த கதை

பழைய முறையில் மேடையில் 32 மைக் என்றால், மிக்ஸர் வரைக்கும் 32 ஜோடி ஒயர் உள்ள மல்டிகோர் கேபிள் ஓடும். சுருட்டினால் டிராக்டர் டயர் சைஸ். தூக்க ரெண்டு ஆள். நடுவில் ஒரு ஜோடி அறுந்தால் எது என்று தேட ஒரு ராத்திரி. போதாததற்கு, ஜெனரேட்டர் ஒரு பக்கம், கோயில் கரன்ட் ஒரு பக்கம் என்று எர்த் குழம்பினால் 'ம்ம்ம்ம்' என்ற இரைச்சல் வேறு.

ஆடியோ நெட்வொர்க்கில் மைக் சத்தம் மேடையிலேயே எண்களாக மாறிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் பெட்டிதான் ஸ்டேஜ் பாக்ஸ். அங்கிருந்து ஒரே ஒரு லேன் கேபிளில் எல்லா சேனலும் போகும். கணக்கு எளிது. ஒரு விநாடிக்கு 48,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 24 பிட். பெருக்கினால் ஒரு சேனலுக்கு 1.152 மெகாபிட். 64 சேனல் என்றாலும் 74 மெகாபிட்தான். மேலே பாக்கெட் முகவரி அது இது என்று கொஞ்சம் கூடும். 1,000 மெகாபிட் தாங்கும் கிகாபிட் கேபிளுக்கு இது பெரிய பாரமே இல்லை.

அப்புறம் ஏன் இத்தனை குழப்பம்? அகலம் பிரச்னை இல்லீங்க, நேரம்தான் பிரச்னை. யூடியூப் வீடியோ ரெண்டு விநாடி லேட்டாக வந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மேடையில் பாடுபவர் காதில் மாட்டியிருக்கும் இயர்போனுக்குச் சத்தம் பத்து மில்லி விநாடி பிந்தினாலே 'என்னமோ மாதிரி இருக்கு' என்பார். எல்லாப் பெட்டியும் ஒரே தாளத்தில் ஓடவும் வேண்டும். ஒரு பெட்டி இம்மி பிசகினாலும் 'டிக் டிக்' என்று வெடிக்கும்.

வள்ளி கும்மி பார்த்திருப்பீர்கள். நூறு பேர் ஆடினாலும் ஆசிரியர் ஒருத்தர் பாட்டுக்குத்தான் அத்தனை காலும் விழும். நெட்வொர்க்கிலும் அதேதான். ஒரு பெட்டி 'லீடர் க்ளாக்' ஆக நிற்கும்; மற்றதெல்லாம் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தை நொடிக்குப் பலமுறை திருத்திக்கொள்ளும். பிடிபி எனப்படும் இந்த நேர ஒழுங்குதான் எல்லா நவீன ஆடியோ நெட்வொர்க்குக்கும் உயிர்நாடி.

இதையெல்லாம் வியாபாரமாக முதலில் கட்டியது அமெரிக்காவின் பீக் ஆடியோ நிறுவனம். 1990-களின் நடுவில் வந்த அவர்களுடைய கோப்ராநெட், 1997 சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சியில் ஓடியது. சாதாரண 100 மெகாபிட் ஈத்தர்நெட்டில் ஒரு திசைக்கு 64 சேனல், 5.33 மில்லி விநாடி தாமதம். அந்தக் காலத்துக்கு அது சாதனை. இன்றைக்கு யாராவது 'சல்லிசா வருது' என்று கோப்ராநெட் பெட்டியை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

முதலில் ஏ.இ.எஸ்.50: ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கலாம்

நம் பக்கத்து சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பலரிடம் பெரிஞ்சர் எக்ஸ்32, மைடாஸ் எம்32 வகை மிக்ஸர்கள் இருக்கும். பின்னாடி லேன் சாக்கெட் மாதிரியே ஏ.இ.எஸ்.50 என்று ரெண்டு ஓட்டை. ஒவ்வொன்றிலும் போக 48, வர 48 சேனல். ஸ்டேஜ் பாக்ஸை நேராக மாட்டினால் வேலை முடிந்தது. தாமதம் ரொம்பக் குறைவு, செட்டிங் தலைவலி கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இது நெட்வொர்க் கிடையாது. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நேர் கயிறு, அவ்வளவுதான். 'லேன் சாக்கெட்தானே' என்று கம்ப்யூட்டர் ஸ்விட்சில் மாட்டினால் சத்தமே வராது. கேபிளும் கவசமுள்ளதாக, ரெண்டு முனையிலும் உலோகக் கூடு உள்ள கனெக்டரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வறண்ட காற்றில் யாராவது மேடையைத் தொட்டுப் பாயும் நிலைமின்சாரமே சிங்க்கை உடைத்துவிடும். தூரம் 80 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு மேடை, ஒரு மிக்ஸர், கல்யாண மண்டபம்... இதுதான் உங்கள் தொழிலில் முக்கால்வாசி என்றால், நிஜமாகச் சொல்கிறேன், இதுவே போதும். புதுசாக எதற்கும் லோன் எடுக்காதீர்கள். கட்டுரையை இங்கேயே மூடிவிட்டுப் போனாலும் தப்பில்லை.

டான்டே: கடைவீதி பாஷை

ரெண்டு மிக்ஸர் வேண்டும், லைவ் ஸ்ட்ரீமிங்குக்குத் தனி லேப்டாப் வேண்டும், நாலு இடத்தில் ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டும் என்று தேவை வளரும்போது நேர் கயிறு போதாது. அப்போது நிஜமான நெட்வொர்க் வேண்டும். இந்த இடத்தில் முதலில் காதில் விழும் பெயர் டான்டே.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2006-ல் தொடங்கிய ஆடினேட் நிறுவனத்தின் சரக்கு இது. மோட்டரோலாவின் ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து உருவாக்கியது. அவர்கள் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்கள். சாதாரண கிகாபிட் ஸ்விட்சிலேயே ஓடுகிற மாதிரி வடிவமைத்தார்கள். அதற்கான சிப்பை எல்லா மிக்ஸர் கம்பெனிக்கும் விற்றார்கள். யமஹா சிஎல், க்யூஎல் வரிசை மிக்ஸர்களில் கூடவே வருகிறது. ஆலன் அண்ட் ஹீத் எஸ்க்யூவில் கார்டாகச் சேர்க்கலாம். எக்ஸ்32, எம்32-க்கும் 32 சேனல் டான்டே கார்டு கிடைக்கிறது. அதனால், பழைய மிக்ஸரைத் தூக்கிப்போடாமலே உள்ளே நுழையலாம்.

பெட்டிகளை ஸ்விட்சில் மாட்டியதும் அவையே ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். ஐபி முகவரிகூட நீங்கள் தர வேண்டியதில்லை. டான்டே கன்ட்ரோலர் என்ற இலவச சாஃப்ட்வேரில் கட்டம் கட்டமாக ஒரு பலகை வரும். இந்த மைக் அந்த ஆம்ப்ளிஃபயருக்கு என்று க்ளிக் செய்தால் பச்சை டிக் விழும். கேபிளைப் பிடுங்கி மாற்றிக் குத்தும் வேலை இல்லை. சாதாரணமாக 1 மில்லி விநாடி தாமதத்தில் ஓடும். சின்ன நெட்வொர்க்கில் 0.25 வரை குறைக்கலாம். ஒரு கிகாபிட் கேபிளில் ரெண்டு பக்கமும் 512 சேனல் வரை தாங்கும். கொடுமுடியில் எந்தக் கச்சேரிக்கும் இது எட்டாத எண்ணிக்கை.

குறை என்ன? இது ஒரு தனியார் கம்பெனியின் பூட்டிய பெட்டி. சிப் விலை பெட்டி விலையில் ஏறும். லேப்டாப்பில் 64 சேனல் ரெக்கார்டிங் செய்ய வேண்டுமென்றால் 'வர்ச்சுவல் சவுண்ட்கார்டு' சாஃப்ட்வேருக்குத் தனிக் காசு. நாளைக்கு அவர்கள் விதியை மாற்றினால் நாம் மாறித்தான் ஆக வேண்டும்.

ஏவிபி, மிலான்: கேட் போட்ட ரோடு

ஏவிபி என்பது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஐஇஇஇ தரநிலை. அதன் யோசனை வேறு மாதிரி. டான்டேயில் ஆடியோ பாக்கெட்டுக்கு ஆம்புலன்ஸ் மாதிரி முன்னுரிமை உண்டு. ஆனால் ரோடு எல்லோருக்கும் பொது. ஏவிபியில் சத்தம் கிளம்பும் முன்பே வழி நெடுக உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் 'இத்தனை இடம் உனக்கு ஒதுக்கியாச்சு' என்று உறுதி தரும். இடம் இல்லை என்றால் இணைப்பே எடுக்காது. பாதி வழியில் நெரிசலில் மாட்டும் கதை இல்லை. ஏழு தாவல் வரை 2 மில்லி விநாடிக்குள் கொண்டு சேர்ப்பேன் என்பது அதன் கணக்கு.

ஆரம்பத்தில் ஒரு கம்பெனி ஏவிபி இன்னொரு கம்பெனி ஏவிபியோடு ஒழுங்காகப் பேசவில்லை. இதைச் சரிசெய்ய அவ்னு கூட்டமைப்பில் எல்-அக்கூஸ்டிக்ஸ், டி அண்ட் பி, மேயர் சவுண்ட் மாதிரியான ஸ்பீக்கர் ஜாம்பவான்கள் சேர்ந்து 2018-ல் 'மிலான்' என்ற பொது விதியை அறிவித்தார்கள். மிலான் முத்திரை உள்ள பெட்டிகள் சண்டை போடாமல் சேர்ந்து வேலை செய்யும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுதான் நேர்த்தியான வேலை என்று எனக்குப் படுகிறது.

ஆனால், நம்ம ஊருக்கு? மிலானுக்கு ஏவிபி வசதியுள்ள ஸ்விட்ச்தான் வேண்டும். வழியில் ஒன்றுகூட சாதாரண ஸ்விட்ச் இருக்கக் கூடாது. திருவிழா அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்விட்ச் புகைந்துவிட்டது என்று வையுங்கள். சாதாரண கிகாபிட் ஸ்விட்ச் என்றால் ஒரு பையனை பைக்கில் விரட்டி ஈரோட்டிலோ கரூரிலோ கம்ப்யூட்டர் கடையில் வாங்கிவரச் சொல்லலாம். ஏவிபி ஸ்விட்சை எந்தக் கடையில் போய்த் தேடுவீர்கள்? இந்த ஒரு கேள்வியே எனக்கு முடிவைச் சொல்லிவிடுகிறது. கையில் ஒரு ஸ்பேர் ஏவிபி ஸ்விட்சையும் வாங்கி வைக்க வசதி இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள். இல்லை, பெரிய நிகழ்ச்சிகளுக்கு மேலே சொன்ன ஸ்பீக்கர் பிராண்டுகளைத்தான் வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் கற்றுவைத்துக்கொள்வது லாபம். ப்ரீசோனஸ் ஸ்டுடியோலைவ் மிக்ஸர் வைத்திருப்பவர்களில் பலர் ஏற்கெனவே ஏவிபிக்குள்தான் இருக்கிறார்கள்.

ஏ.இ.எஸ்.67: மொழிபெயர்ப்பாளர்

2013-ல் ஆடியோ இன்ஜினீயரிங் சொசைட்டி வெளியிட்டது. இது தனிக் கட்சி இல்லை. வேறு வேறு கட்சிகள் சந்திக்கப் பொதுத் திண்ணை. ஜெர்மனியில் பிறந்த ராவென்னா, ரேடியோ ஸ்டேஷன்களில் ஓடும் லைவ்வயர், டான்டே எல்லாம் இந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். டி.வி. ஸ்டூடியோக்களின் எஸ்டி 2110 தரநிலையில் ஆடியோ பகுதி இதன் மேல் கட்டியதுதான். ஆனால், பெட்டிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி அதில் எழுதப்படவில்லை. டான்டே பெட்டியில் ஏ.இ.எஸ்.67 மோடைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். அதுவும் 48 கிலோஹெர்ட்ஸில், மல்ட்டிகாஸ்ட் முறையில்தான் போகும். உங்கள் விழாவை டி.வி. வேன் வந்து லைவ் எடுத்தால் ஒருவேளை கேட்பார்கள். மற்றபடி, பெட்டி வாங்கும்போது இந்தப் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கும்மி மைதானத்துக் கணக்கு

சரி, இதெல்லாம் நிஜமாக எங்கே கைகொடுக்கும்? கொங்கு மண்டலத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வெயில் காலத்தில் காற்றில் சத்தம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மேடை ஓரத்தில் மட்டும் பெரிய ஸ்பீக்கரை அடுக்கி வைக்கிறீர்கள். ஆசிரியர் பாடுகிறார். மேடை அருகே ஆடுபவர் உடனே கேட்டுக் கால் வைக்கிறார். 88 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அதே வரி கால் விநாடி கழித்துத்தான் போகும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் கால் விநாடி என்பது சரியாக அரைத் தட்டு. முன்வரிசை கை தட்டும்போது பின்வரிசை கை விரிந்திருக்கும். வீடியோவில் பார்த்தால் அலை அடித்த மாதிரி தெரியும். நாலு மாசம் பயிற்சி எடுத்த பிள்ளைகள்மேல் தப்பே இல்லை, பழி மட்டும் அவர்களுக்கு.

சவுண்டைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டினால் தப்பு இன்னும் சத்தமாகக் கேட்கும். செய்ய வேண்டியது, 20, 25 மீட்டருக்கு ஒன்றாகச் சின்ன ஸ்பீக்கர்களை மைதானம் முழுக்க ஒரே திசை பார்த்து வைத்து, ஒவ்வொன்றையும் அந்தப் பகுதிக்குப் போதுமான அளவு மட்டும் பாட விடுவது. நெட்வொர்க் வழியே எல்லாவற்றுக்கும் ஒரே மில்லி விநாடியில் சத்தம் போய்ச் சேரும். எல்லோர் காலும் ஒன்றாக விழும்.

இங்கே ஒரு நுணுக்கம். கச்சேரி என்றால் இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி வைக்கும் ஸ்பீக்கரை வேண்டுமென்றே 200 மில்லி விநாடி தாமதிக்க வேண்டும். அப்போதுதான் மேடைச் சத்தமும் அதுவும் சேர்ந்து காதில் விழும், எதிரொலிக்காது. ஆக, மதியம் கும்மி, ராத்திரி பாட்டுக் கச்சேரி என்றால் அதே ஸ்பீக்கர்களுக்கு ரெண்டு செட்டிங். டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயரில் ரெண்டையும் சேமித்து வைத்து ஒரு பட்டனில் மாற்றலாம். அனலாகில் இதைச் செய்ய முடியாதென்று இல்லை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஒயர், தனி டிலே பெட்டி என்று இழுத்தால் முடியும். விடியும்வரை கட்டிக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி கூடாது. பொதுவாக ராத்திரி 10 முதல் காலை 6 வரை பொதுவெளியில் போடக் கூடாது. பொது இடத்தின் எல்லையில் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது, அல்லது அந்தப் பகுதிக்கு விதித்த சுற்றுப்புறச் சத்த வரம்பைவிட 10 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, எது குறைவோ அது. மேடையில் மலை மாதிரி அடுக்கி அலற விடுவதைவிட, மைதானத்துக்குள் சின்னதாகப் பிரித்து வைத்தால் எல்லையில் சத்தம் குறையும். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கும் வேலை மிச்சம்.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீங்க

புரோட்டோகாலை என்னதான் பார்த்துப் பார்த்து எடுத்தாலும், களத்தில் காலை வாருவது பெரும்பாலும் கேபிளும் ஸ்விட்சும்தான். 

கடையில் 'கேட்6 கேபிள்' என்று சல்லிசாகக் கொடுப்பது பல நேரம் அலுமினியக் கம்பிக்குத் தாமிர முலாம் பூசியது. சிசிஏ என்று சின்ன எழுத்தில் இருக்கும். சுருட்டி விரிக்கும் வேலைக்கு அது நாலு விழா தாங்காது. சுத்தத் தாமிரம், அதிலும் ஒற்றைக் கம்பி வேண்டாம், இழை இழையாக உள்ளது வாங்குங்கள். முனைக்கு ஈத்தர்கான் உலோகக் கனெக்டர். தாமிரத்தில் 100 மீட்டர்தான் எல்லை. ஆற்றங்கரை படித்துறையிலிருந்து மேடை வரைக்கும் அதற்கு மேல் தூரம் என்றால் ஃபைபர். கண்ணாடி இழை என்று பயப்பட வேண்டாம். விழா வேலைக்கென்றே தடித்த உறை போட்டு வருகிறது. ரெண்டு தனித்தனி ஜெனரேட்டரில் ஓடும் இடங்களை ஃபைபரால் இணைத்தால் எர்த் இரைச்சல், இடி மின்னல் பாய்ச்சல் ரெண்டுமே கேபிள் வழி தாண்டாது.

ஸ்விட்ச் என்றால் மேனேஜ்டு வகை. அதில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட்' என்று ஒன்று இருக்கும். கரன்ட் மிச்சம் பிடிக்கக் கொஞ்ச நேரம் தூங்கித் தூங்கி எழும். வீட்டுக்கு நல்லது, ஆடியோவுக்கு எமன். க்ளாக் பாக்கெட் லேட்டாகி டிக் டிக் சத்தம் வரும். முதல் வேலையாக அதை ஆஃப் செய்யுங்கள். க்யூஓஎஸ் என்ற இடத்தில் டிஎஸ்சிபி 56-க்கு முதல் முன்னுரிமை, 46-க்கு அடுத்தது. டான்டேயில் 56 என்பது க்ளாக், 46 என்பது சத்தம். பாட்டைவிடத் தாளம் முந்திப் போக வேண்டும், அதுதான் விஷயம்.

வைஃபை வழியாக டான்டே சத்தம் அனுப்ப முயலவே வேண்டாம். டேப்லெட்டில் மிக்ஸரை இயக்க மட்டும் வைஃபை. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மல்ட்டிகாஸ்ட் முறையில் சத்தம் அனுப்பினால் அது ஸ்விட்சின் எல்லா ஓட்டைக்கும் கொட்டும். வைஃபை ரவுட்டரும் அங்கேயே தொங்கினால் அதன் கழுத்தை நெரிக்கும். பாட்டு நடுவில் டேப்லெட் கைவிடும். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை ஆன் செய்யுங்கள், அல்லது வைஃபையை வேறு விலானில் பிரித்துவிடுங்கள். மண்டபத்து சிசிடிவி, ஆஃபீஸ் இன்டர்நெட் எதையும் உங்கள் ஸ்விட்சில் குத்த விடாதீர்கள். 'ஒரே ஒரு ஒயர்தானுங்க' என்று யாராவது வருவார்கள். ஓட்டைகளுக்கு டேப் ஒட்டிவிடுவது நல்லது.

டான்டே பெட்டிகளில் பிரைமரி, செகண்டரி என்று ரெண்டு ஓட்டை இருக்கும். ரிடண்டன்ட் மோடில் வைத்து, ரெண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச், தனித்தனி கேபிள், முடிந்தால் தனித்தனி வழி கொடுத்தால், ஒரு கேபிள்மேல் டிராக்டர் ஏறினாலும் பாட்டு நிற்காது. அதே பெட்டி ஸ்விட்ச்டு மோடில் இருக்கும்போது ரெண்டு கேபிளையும் ஒரே ஸ்விட்சில் குத்திவிட்டால்? பாக்கெட்டுகள் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து மொத்த நெட்வொர்க்கும் ஸ்தம்பிக்கும். ஒரே கேபிளால் கல்யாண வீடே ஊமையாகும். கேபிளை மாட்டும் முன் மோடைப் பாருங்கள்.

அப்புறம் சாம்பிள் ரேட். ஒரு பெட்டி 44.1, இன்னொன்று 48 என்றிருந்தால் டான்டேயில் இணைப்பே எடுக்காது. எல்லாவற்றையும் 48-ல் வையுங்கள்.

அப்போ எதைத்தான் எடுக்கறது?

கையில் எக்ஸ்32 வகை, ஒரு மேடை வேலை மட்டும்: ஏ.இ.எஸ்.50-லேயே இருங்கள். அந்தக் காசில் நல்ல மைக், ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். ஸ்டேஜ் பாக்ஸும் ஸ்விட்சும் கரன்ட் போய் வந்தால் மீண்டு எழ நேரம் எடுக்கும். தாலி கட்டும் நேரம் அதற்காகக் காத்திருக்காது.

மைதான வேலை, பல ஸ்பீக்கர் இடங்கள், லைவ் ஸ்ட்ரீமிங், வெளியூர் கம்பெனிகளோடு சேர்ந்து வேலை: டான்டே. ஆனால், எடுக்கும் முன் நீங்கள் வழக்கமாகப் பெட்டி வாடகைக்கு வாங்கும், கொடுக்கும் ஆட்களிடம் அவர்கள் கையில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஸ்டேஜ் பாக்ஸ் படுத்துவிட்டால் பக்கத்து ஊர்க்காரர் பெட்டியைக் கடன் வாங்கி மாட்ட முடிய வேண்டும். டெக்னிக்கல் ஷீட்டில் எது ஒசத்தி என்பதைவிட இது முக்கியம். பெரிய பிராண்ட் லைன் அரே ஸ்பீக்கர்களில் முதலீடு செய்யும் அளவுக்கு வளர்ந்தவர்கள் மிலானையும் சேர்த்துப் பாருங்கள். ரெண்டையும் பேசும் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன.

எதை எடுத்தாலும் விழாவுக்கு முந்தின நாள் முழு செட்டையும் வீட்டு வாசலிலோ குடோனிலோ கட்டி, மூணு மணி நேரம் பாட்டு ஓடவிடுங்கள். ஓடும்போதே பிரைமரி கேபிளை உருவுங்கள். ஒரு ஸ்விட்சின் ப்ளக்கைப் பிடுங்குங்கள். மெயின் கரன்ட்டை அணைத்துப் போடுங்கள், எத்தனை விநாடியில் சத்தம் திரும்புகிறது என்று எண்ணுங்கள். டான்டே கன்ட்ரோலரில் எல்லாப் பெட்டிக்கும் 'மேடை இடது', 'படித்துறை' என்று பெயர் வைத்து, கேபிளின் ரெண்டு முனையிலும் அதே பெயரை எழுதி ஒட்டுங்கள். மூடிய பெட்டிக்குள் ஸ்விட்சை அடைத்து சித்திரை வெயிலில் வைக்காமல், நிழலும் காற்றும் படும் இடமாகப் பாருங்கள். அந்தப் பெட்டி மேல் டீ டம்ளர் வைக்கக் கூடாது என்று உங்கள் பசங்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.